சாலைக்கும் தடத்திற்கும் ஒரே மகிழுந்து: புஷ்ஷின் பொருளைத் தேர்தல்

வாரநாளில் அலுவலகத்திற்கும் வார இறுதியில் பந்தயத் தடத்திற்கும் ஒரே மகிழுந்தை ஓட்டுவோர் நம்மிடையே உள்ளனர். எஞ்சினுக்கும் டயருக்கும் அவர்கள் அளிக்கும் கவனம், சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களின் முனையிலுள்ள சிறு உருளைகளுக்குக் கிடைப்பது அரிது. பட்டறைகளில் 'புஷ்' என வழங்கும் அவ்வுருளைகள் எப்பொருளால் ஆகியிருத்தல் நலம் என்பதை இவ்வுரை ஆராய்கிறது.

புஷ்ஷுக்கு இரு கடமைகள் உண்டு. ஆர்ம் மேலும் கீழும் அசைய இடங்கொடுத்தல் ஒன்று. சக்கரத்தைத் தன்னிலையினின்று விலகாமல் காத்தல் மற்றொன்று. செப்பாங் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் உடையது. இறுதி வளைவுக்கு முன்னுள்ள நீண்ட நேர்பாதையின் முடிவில் பிரேக்கை வலுவாக அழுத்துகையில், முன்சக்கரங்கள் பின்னோக்கித் தள்ளப்படுகின்றன. அப்போது தளர்ந்த புஷ் நசுங்குமாயின் சக்கரம் நோக்கும் திசை மாறும். ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே வாகனம் ஒருபுறம் இழுக்கும்.

ஆலையிலிருந்து வரும் வாகனங்களில் பெரும்பாலும் இருப்பது ரப்பர் புஷ். நம் முன்னோர் தோட்டங்களில் வெட்டிய பால்மரத்தின் பொருளே இன்றும் இதற்குப் பயன்படுகிறது. உள்ளும் புறமும் உள்ள இரும்புக் குழல்களோடு ஒட்டப்பட்ட ரப்பர், வழுக்காமல் தனக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும். ஆதலால் ஓசையில்லை, கிரீஸும் வேண்டுவதில்லை. பல திசை அசைவையும் அது பொறுக்கும். ஆயினும் எண்ணெயும் வெப்பமும் காலமும் அதனைக் கெடுக்கும்.

பாலியூரித்தேன், 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் கண்ட வேதியியலின் விளைவு. புஷ்களுக்குரிய ரப்பரின் கடினம் ஷோர் ஏ அளவில் ஏறக்குறைய 50 முதல் 70 வரை. பாலியூரித்தேனுக்கு 70 முதல் 95 வரை. எனவே சக்கரம் நிலைபெயர்தல் குறையும். ஆனால் இது பெரும்பாலும் குழலோடு ஒட்டாது, அதன்மேல் வழுக்கியே சுழலும். கிரீஸ் வற்றினால் கீச்சிடும். ஒரே அச்சில் மட்டும் சுழலும் இடத்திற்கே இது பொருந்தும்.

இவ்வேறுபாட்டை உணராமல் எல்லாப் புஷ்களையும் ஒருங்கே மாற்றுதல் தீது. 1990களின் ஹோண்டா சிவிக் வகைகளில் பின்புற டிரெயிலிங் ஆர்ம் புஷ் சுழல்வதோடு பக்கவாட்டிலும் வளைய வேண்டும். அங்கே கடினப் பொருளை இட்டால் ஆர்ம் இறுகும். ஸ்பிரிங்கின் வேலை கெடும். பளு பொருத்துமிடத்தின் மேல் விழும்.

கோளத் தாங்கியான ஸ்பெரிக்கல் பேரிங் நசுங்குவதில்லை. பல திசையிலும் திரும்பும். பந்தயத்திற்கென்றே உள்ள வாகனத்திற்கு அது சிறப்பு. அன்றாடச் சாலையிலோ அதிர்வையெல்லாம் உடற்கூட்டுக்குக் கடத்தும். மழைநீரும் மணலும் புகுந்தால் விரைவில் தேய்ந்து தட்டொலி எழுப்பும்.

ஆகவே தேர்வு இடத்திற்கேற்ப அமைய வேண்டும். முதலில் பழைய ரப்பர் புஷ்களைப் புதியனவாக மாற்றிப் பார்த்தல் வேண்டும். பலருக்கு அதுவே போதுமான மாற்றம் தரும். ஸ்டெபிலைசர் பாருக்குப் பாலியூரித்தேனை இடலாம். முன் லோவர் ஆர்மின் பின்முனைக்குக் கடின ரப்பரோ, அவ்விடத்து அசைவு ஓரச்சில் அமையுமாயின் பாலியூரித்தேனோ தகும். பல திசையில் வளையும் புஷ்ஷில் ரப்பரே இருக்கட்டும். போட்டியில் இறங்குவோர் இத்தகைய மாற்றங்களை விதிகள் ஏற்கின்றனவா என்பதை முன்னரே அறிதல் நன்று.

இறுதியாக ஒன்று. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வாகனம் தன் எடையில் சக்கரங்கள்மேல் நிற்கும் உயரத்தில் வைத்தே இறுக்க வேண்டும். ஆர்ம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வாகனம் தரையிறங்கியது முதலே ரப்பர் முறுக்குண்டு நிற்கும், விரைவில் கிழியும். வேலை முடிந்ததும் சக்கரக் கோணங்களைச் சரிபார்த்த பின்னரே தடத்திற்குச் செல்க.