கூலன்ட் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர்களுக்கு

கார் எஞ்சினின் குளிரூட்டும் அமைப்புக்கு மும்பையைப் போன்ற கடுமையான தேர்வுக்களம் வேறு இல்லை எனலாம். செம்பூரிலிருந்து சயன் வழியாக மாட்டுங்காவைக் கடக்கும் வாகனம், நெடுநேரம் ஊர்ந்தே செல்ல நேர்கிறது. விரைந்தோடும் காரின் ரேடியேட்டருக்குக் காற்று தானாகவே கிடைக்கும். நின்றுவிட்ட காருக்கோ மின்விசிறி ஒன்றே துணை. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கூலன்ட் குறைவைக் காட்டும் விளக்கு பெரும்பாலும் இத்தகைய நேரத்தில்தான் கண் திறக்கிறது.

15 ஆண்டுகளைக் கடந்த இருவர் அமரும் கார்கள் இன்று எட்டக்கூடிய விலையில் கிடைப்பதால், நம் வாடிக்கையாளர்கள் சிலர் சேமிப்பைக் கொண்டு அவற்றை வாங்குகின்றனர். ஆனால் வாங்கும் விலை இறங்குவதைப் போல உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. சிறிய விளக்கு ஒன்றைப் பொருட்படுத்தாததால் காரின் விலைக்கே ஈடான செலவு நேரக்கூடும் என்பதால், இதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

முதலில், இவ்விளக்கு எதனைக் கூறுகிறது எனத் தெளிவாக அறிய வேண்டும். பல கார்களில் கூலன்ட் தொட்டியினுள் ஒரு மிதவையும் அதனோடு இயங்கும் சிறு சுவிட்சும் இருக்கும். திரவ மட்டம் தாழ்ந்தால் விளக்கு எரியும். அது வெப்பத்தைக் கூறுவதன்று, அளவைக் கூறுவது. வெப்பத்தைக் காட்டும் முள் வேறொரு உணரியைச் சார்ந்தது. அந்த உணரி திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் முள் சரியாகக் காட்டும். திரவம் மிகவும் குறைந்து உணரி வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் இயல்பு நிலையைக் காட்டலாம். ஆதலால், ‘முள் சரியாகத்தானே இருக்கிறது’ என்று விளக்கைப் புறக்கணித்தல் ஆகாது.

விளக்கு எரிந்தவுடன் ஏ.சி.யை அணைத்து, அபாய விளக்குகளை இட்டு, பாதுகாப்பான முதல் இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஈஸ்டர்ன் ஃப்ரீவே போன்ற உயர்மட்டச் சாலையில் ஒதுங்க இடம் அரிது. எனவே அதில் ஏறுமுன் விளக்கு எரிந்தால் ஏறாதிருப்பதே நன்று. சூடான நிலையில் மூடியைத் திறக்கவே கூடாது. தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். மூடிய அமைப்பில் ஏறத்தாழ ஒரு பார் கூடுதல் அழுத்தம் இருந்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்கி, திரவம் ஆவியாகச் சீறி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். ஒரு மணி நேரமாவது பொறுத்து, ரேடியேட்டரின் மேற்குழாய் கைக்கு இதமாக ஆறிய பின்னரே திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் தலைப்பகுதி விரிசல் காணலாம்.

ஆறிய எஞ்சினில் தொட்டியின் மட்டம் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்னும் இரு கோடுகளுக்கிடையே இருந்தால், குறை உணரியிலோ அதன் இணைப்பிலோ இருக்கலாம். அடியில் படிந்த கசடு மிதவையைப் பிடித்துக்கொள்வதும், மழைக்கால ஈரத்தில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துக் கெடுவதும் பழைய கார்களில் இயல்பு. இவை சிறு செலவில் தீர்பவை.

மட்டம் தாழ்ந்திருந்தால், உரிய வகைக் கூலன்டை நிரப்பி, தொட்டியின் மேல் நாடா ஒட்டி மட்டத்தைக் குறித்து, ஒரு வாரம் கண்காணிக்க வேண்டும். மூடிய அமைப்பு கூலன்டைக் ‘குடிப்பதில்லை’; மீண்டும் குறைந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். குழாய்களின் கவ்விகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்ப், தொட்டியின் விரிசல், தளர்ந்த மூடி ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். காரினுள் இனிய மணம் வீசி, தரைவிரிப்பு நனைந்திருந்தால் ஹீட்டரின் சிறு ரேடியேட்டர் கசிகிறது எனக் கொள்ளலாம். ஆறிய எஞ்சினில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை, கண்ணுக்குத் தெரியாத கசிவையும் காட்டிவிடும்.

வெளியே எங்கும் ஈரமில்லாமல் மட்டம் மட்டும் குறைவது கவலைக்குரியது. வெண்புகை நீடித்தல், எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறமாதல், தொட்டியில் ஓயாது குமிழிகள் எழுதல் ஆகியவை ஹெட் கேஸ்கட் பழுதின் அறிகுறிகள். அந்நிலையில் காரை ஓட்டாமல், ஏற்றிச் செல்லும் வண்டியை அழைப்பதே சிக்கனம்.

ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. டொயோட்டா எம்.ஆர்.2, போர்ஷே பாக்ஸ்டர் போன்றவற்றில் எஞ்சின் இருக்கைக்குப் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்களில் காற்று அடைத்துக்கொண்டால், தொட்டி நிறைந்திருந்தும் எஞ்சின் சூடேறும். எனவே முறைப்படி காற்றை வெளியேற்றியே கூலன்ட் நிரப்ப வேண்டும். பாக்ஸ்டரின் முன்பக்க ரேடியேட்டர்களில் இலைச் சருகுகள் சேர்வதும், அதன் பிளாஸ்டிக் தொட்டி வயதேற விரிசல் காண்பதும் பலர் அறிந்தவை.

மும்பையில் உறைபனி இல்லையே, வெறும் குழாய்நீர் போதாதா எனச் சிலர் கேட்பதுண்டு. கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது. குழாய்நீரின் உப்புகளோ உள்ளே படிந்து அடைக்கின்றன. பொதுவாகக் காய்ச்சி வடித்த நீரும் கூலன்டும் சம அளவில் கலக்கப்படுகின்றன. நிறத்தை நம்பாமல், காரின் கையேடு கூறும் வகையையே வாங்க வேண்டும். பழைய கூலன்டைத் தெருவில் ஊற்றலாகாது. இனிக்கும் அந்நஞ்சு குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் உயிராபத்து.

குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி இந்நகரின் டாக்சியாகப் பல்லாண்டுகள் ஓடியது. 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 முதல் சாலையிலிருந்து விலகியது. அவ்வளவு காலம் அவை உழைத்ததற்கு எளிய அமைப்பும், எங்கும் கிடைத்த உதிரிபாகங்களும் பெருந்துணை. அரிய இறக்குமதிக் காருக்கு அந்த வசதி இல்லை.

இறுதியாக, பணம் பற்றி. வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டிலும் விலக்குகள் உண்டு. கையெழுத்திடுமுன் அவற்றைப் படித்தல் அவசியம். தனியார் கார்ப் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகவே புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்பணம் தருமுன் அழுத்தச் சோதனை செய்து பார்ப்பதும், பராமரிப்புக்கென மாதந்தோறும் தொடர் வைப்பில் ஒரு தொகை சேர்ப்பதும் நன்று. அவ்வாறு சேர்த்தவருக்கு, விளக்கு எரியும் நாளில் பழுதை உடனே சரிசெய்யக் கையில் பணம் இருக்கும்.