காரின் "மூளை"யில் கை வைக்கும் கில்லாடிகள்!

லேப்டாப்பைச் சொருகினால் பவர் ஏறுது. வாரண்டி, இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

சென்னையில் கார் வைத்திருக்கும் வாலிபர்கள் சிலர் இப்போதெல்லாம் அலாய் வீல், சீட் கவர், பாட்டுப் பெட்டி என்று மட்டும் பணத்தை இறைப்பது இல்லை. காரின் மூளைக்கே ஆபரேஷன் செய்கிறார்கள்!

கத்தி கிடையாது. ரத்தம் கிடையாது. பல கார்களில் ஸ்பேனர்கூட தேவை இல்லை. ஒரு லேப்டாப், ஒரு கேபிள் போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சர்வீஸ் சென்டர்காரர்கள் கோளாறு கண்டுபிடிக்க வைத்த வழி அது. அந்த வழியாகவே உள்ளே போய் மூளையில் எழுதி இருப்பதை அழித்து வேறு எழுதிவிடுகிறார்கள்.

"காலையில விட்டுட்டு சாயங்காலம் எடுத்துக்குங்க சார். வண்டி பறக்கும்!"

இதுதான் இந்தத் தொழிலின் வசனம். வண்டி பறப்பது பல நேரம் உண்மைதான். ஆனால் கூடவே வேறு என்னென்ன பறக்கிறது என்பதைக் கடனுக்குக் கார் வாங்கி மாதா மாதம் தவணை கட்டுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

காதுதான் கம்ப்யூட்டர்

அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் டியூனிங் என்றால் ஸ்குரூ டிரைவர் வேலை. புதுப்பேட்டை மெக்கானிக் பானெட்டைத் திறப்பார். கார்புரேட்டர் ஸ்குரூவை அரைத் திருகு திருகுவார். டிஸ்டிரிபியூட்டரை லேசாகத் திருப்பி டைமிங் வைப்பார். காதைக் கொடுத்து சத்தத்தைக் கேட்பார். "இப்ப எடுத்துட்டுப் போங்க" என்பார். அவர் காதுதான் கம்ப்யூட்டர்.

வெளிநாட்டில் அதற்குள் நிஜமான கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1979-ம் ஆண்டில் "மோட்ரானிக்" என்ற பெட்டியை பி.எம்.டபிள்யூ. காரில் பொருத்தியது. பெட்ரோல் தெளிப்பது, ஸ்பார்க் கொடுப்பது இரண்டையும் அந்த ஒரே பெட்டி கவனித்துக்கொண்டது.

பெட்டி வந்த கையோடு அதை ஏமாற்றும் வித்தையும் வந்தது. உள்ளே இருக்கும் சிப்பைப் பிடுங்கிவிட்டு வேறு சிப்பைச் செருகினார்கள். "சிப் டியூனிங்" என்ற பெயர் அப்படி வந்ததுதான். பிறகு வந்த பெட்டிகளில் சிப்பைக் கழற்றவே தேவை இல்லாமல் போயிற்று. கேபிள் வழியாகவே அழித்து எழுதலாம்.

நம் நாட்டில் புகை விதிகள் இறுக இறுக, கார்புரேட்டர் புதுக் கார்களில் இருந்து மறைந்தது. சென்னைக்கு 2001-ம் ஆண்டில் பாரத் ஸ்டேஜ்-2 விதி வந்தது. 2020 ஏப்ரல் 1-ந்தேதி முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ்-6. இன்று ஷோரூமில் இருந்து வெளியே வரும் எந்தக் காரும் இந்த மூளை இல்லாமல் ஓர் அடி நகராது.

உள்ளே என்ன இருக்கிறது?

இ.சி.யு. என்று சொல்லப்படும் இந்த மூளை ஒரு சிறிய அலுமினியப் பெட்டி. எவ்வளவு காற்று உள்ளே போகிறது, என்ஜின் எவ்வளவு சூடு, டிரைவர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறார், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று சென்சார்கள் இதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அதை வைத்துக்கொண்டு இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது, ஸ்பார்க்கை எப்போது போடுவது என்று பெட்டி முடிவு எடுக்கிறது. இந்த முடிவு ஒரு நொடிக்குள் பல தடவை நடக்கும்.

முடிவு எடுக்க உள்ளே அட்டவணைகள் இருக்கின்றன. பஸ் டைம்டேபிள் மாதிரிதான். குறுக்கே என்ஜின் சுற்று, நெடுக்கே பாரம். இரண்டும் சேரும் கட்டத்தில் ஒரு எண். இப்படி ஏராளமான அட்டவணைகள். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும் என்பது பொதுக் கணக்கு. முழு வேகத்தில் என்ஜின் சூடாகாமல் இருக்க பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுவார்கள்.

டியூனிங் ஆசாமி செய்வது இந்த எண்களை மாற்றுவது. அவ்வளவுதான்.

கம்பெனி ஏன் விட்டு வைத்தது?

"பவரைக் கூட்ட முடியும் என்றால் கம்பெனியே கூட்டி இருக்கலாமே?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி.

கம்பெனி ஒரே காரை ராஜஸ்தான் வெயிலிலும் விற்கிறது, இமயமலைக் குளிரிலும் விற்கிறது. நல்ல பெட்ரோல் போடுகிறவரும் வாங்குவார். கலப்படம் போட்டுக்கொள்கிறவரும் வாங்குவார். ஆயில் மாற்றவே மறந்து போகிற ஆளும் உண்டு. எல்லார் கையிலும் என்ஜின் பிழைக்க வேண்டும். மைலேஜ் கொடுக்க வேண்டும். புகைச் சோதனையில் தேற வேண்டும். அதனால் கொஞ்சம் தம்மைப் பிடித்து வைக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் டியூனிங்காரர் கை வைக்கிறார்.

டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் கார் என்றால் பெரிதாக ஒன்றும் ஏறாது. நூற்றுக்கு 5, 10 ஏறினாலே அதிகம். டர்போ வண்டி கதை வேறு. டர்போ என்பது காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி. அந்த அமுக்கத்தைக் கூட்டு என்று மூளைக்குச் சொன்னால் போதும். நூற்றுக்கு 20, 30 வரைகூட பவர் ஏறும். 120 குதிரை சக்தி வண்டி 145 குதிரையாகிவிடும். ஓவர்டேக் எடுக்கும்போது சீட் முதுகைத் தள்ளும். அந்த ருசி கண்டவர்கள் சும்மா இருப்பது இல்லை.

செலவு பின்னால் வரும்

கூடுதல் பவருக்குக் கூடுதல் சூடு. கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவை. முதலில் பெரும்பாலும் கிளட்ச் வழுக்கும். அடுத்து டர்போ கையை விரிக்கும்.

பெட்ரோல் வண்டியில் இன்னொரு ஆபத்து. வெளிநாட்டில் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய பைலை அப்படியே இங்கே ஏற்றினால், நம் ஊர் சாதாரண பெட்ரோலில் என்ஜின் தட்ட ஆரம்பிக்கும். நேரம் வருமுன்பே பெட்ரோல் வெடிப்பதுதான் அந்தத் தட்டல். ஓயாமல் தட்டினால் பிஸ்டனே ஓட்டை விழும்.

ராத்திரி நேரத்தில் கிழக்கு கடற்கரைச் சாலையில் துப்பாக்கி சுட்டது போல "பட்... பட்..." என்று சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டவர்கள் உண்டு. அதிலும் பாதி மூளை வேலைதான். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்த பிறகும் பெட்ரோல் தெளிக்கச் சொல்லி, ஸ்பார்க்கைத் தாமதமாகப் போடச் சொல்லி எழுதுகிறார்கள். பெட்ரோல் சைலன்சர் குழாயில் போய் வெடிக்கிறது. அங்கே இருக்கும் புகை வடிகட்டி, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். புதிது வாங்கப் போனால் விலையைக் கேட்டு மயக்கம் வரும்.

டீசல் வண்டியில் வேறு தந்திரம்

பாரத் ஸ்டேஜ்-6 டீசல் கார்களில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு சுமார் 600 டிகிரி சூடு தேவை. வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடினால்தான் அந்தச் சூடு வரும்.

தினமும் வீட்டில் இருந்து கடைக்கு, கடையில் இருந்து வீட்டுக்கு என்று நாலு கிலோமீட்டர் டிராபிக்கில் ஊர்ந்தால் சூடு எங்கே வரும்? கரி சேர்ந்து விளக்கு எரியும். உடனே, "அதை எடுத்துடலாம் அண்ணே, மூளையிலயும் ஆப் பண்ணிடலாம்" என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறது.

எடுத்தால் விளக்கு அணையும். ஆனால் அந்தக் கரி எங்கே போகும்? பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் நெஞ்சுக்குள் போகும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-ம் ஆண்டிலேயே திட்டவட்டமாக அறிவித்துவிட்டது. விளக்கு எரிந்தால் பைபாஸ் ரோட்டில் அரை மணி நேரம் சீராக ஓட்டிப் பார்ப்பதும், தீராவிட்டால் சர்வீஸ் சென்டரில் விடுவதும்தான் சரியான வழி.

கம்பெனியே செய்த மோசடி

மூளையில் தில்லுமுல்லு செய்வது சில்லறை ஆசாமிகள் மட்டும் அல்ல. உலகப் புகழ் பெற்ற வோக்ஸ்வேகன் கம்பெனியே மாட்டியது!

சோதனைக் கூடத்தில் ஓடுகிறோமா, ரோட்டில் ஓடுகிறோமா என்று காரே கண்டுபிடிக்கும்படி மூளையில் எழுதி வைத்திருந்தார்கள். சோதனையில் யோக்கியன். ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற விஷப் புகையை அளவுக்கு மேல் 40 மடங்கு வரை கக்கியது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காரை ரோட்டில் ஓட்டியே அளந்து பார்த்ததில் முதல் சந்தேகம் கிளம்பியது. 2015 செப்டம்பரில் குட்டு வெளிப்பட்டது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்! இந்தியாவிலும் அந்த ஆண்டு டிசம்பரில் 3 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்து மூளையைத் திருத்துவதாகக் கம்பெனி அறிவித்தது. 2017-ம் ஆண்டில் அமெரிக்கக் கோர்ட்டில் குற்றத்தையும் ஒப்புக்கொண்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. விதிக்குப் புறம்பாக வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று 2019-ல் திருத்தம் வந்தது. புகை, சத்தம் விதியை மீறி ஓட்டினால் ரூ.10 ஆயிரம் வரை அபராதமோ 3 மாதம் வரை ஜெயிலோ விதிக்க 190-வது பிரிவு இருக்கிறது. லைசென்சுக்கும் 3 மாதம் ஆபத்து.

"புகைச் சர்ட்டிபிகேட்தான் இருக்கே" என்று சிலர் காலரைத் தூக்கிவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. சர்ட்டிபிகேட் இருப்பதால் மட்டும் வண்டி யோக்கியம் ஆகிவிடாது.

வாரண்டி விஷயம் இன்னும் மோசம். எத்தனை தடவை எழுதினார்கள் என்று பல மூளைகள் தாமே கணக்கு வைத்திருக்கும். பழைய பைலைத் திருப்பி ஏற்றினாலும் கணக்கு நிற்கும். கம்பெனி கம்ப்யூட்டரில் இணைத்தால் குட்டு உடைந்துவிடும். என்ஜின் போய் நிற்கும்போது "வாரண்டி கிடையாது சார்" என்ற ஒரே வார்த்தையில் லட்ச ரூபாய் செலவு தலையில் விழும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம் என்றால் விபத்து நேரத்தில் அவர்களும் கையை விரிக்க அது ஒரு சாக்கு.

பழைய கார் வாங்குவோர் கவனிக்க

டியூனிங் செய்து, ஆடி முடித்து, ஒரிஜினல் பைலை ஏற்றி விற்றுவிடுகிறவர்களும் உண்டு. அனுபவஸ்தர்கள் சொல்லும் யோசனை இது:

பழைய கார் வாங்கும் முன்பு கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூளையில் உள்ள மென்பொருள் எண் கம்பெனி எண்ணோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். நாலாவது, ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய் ஒரே மிதியாக மிதியுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் காலி. சைலன்சருக்கு அடியில் குனிந்து வடிகட்டி இருக்கிறதா, வெறும் குழாயா என்று பாருங்கள்.

ஆடுவதற்கு இடம் இருக்கிறது

டியூனிங் கலையே தப்பு என்று சொல்வதற்கு இல்லை. ரேஸ் மைதானத்தில் அது தேவையான வித்தை. அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுபாதையில் ரேஸ் நடக்கும்போது ஜனங்கள் சாரி சாரியாகப் போனார்கள். இன்று இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் பாதை இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. வேகம் வேண்டுமானால் ஹெல்மெட், பெல்ட், டாக்டர், ஆம்புலன்ஸ் சகிதம் அங்கே பார்க்கலாம்.

அங்கேயும் நல்ல டியூனர் முதலில் பழைய பைலைப் பத்திரமாக எடுத்து வைப்பார். உருளை மேல் வண்டியை ஓட்டி முன்னும் பின்னும் பவரை அளந்து தாளில் காட்டுவார். டயரும் பிரேக்கும் பார்க்காமல் பவரில் கை வைக்க மாட்டார். அளவு காட்டாமல் "பறக்கும் சார்" என்று மட்டும் சொல்கிற ஆளிடம் சாவியைக் கொடுக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

அண்ணா சாலையில் காலை 9 மணிக்கு 120 குதிரையும் 145 குதிரையும் ஒரே சிக்னலில்தான் நிற்கின்றன!