ஷிஃராவின் துணையும் நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பதும்

தெரணியகலையில் வானம் பார்க்க ஆசைப்படுகிறவன் முதலில் பொறுமையைப் பழகிக்கொள்ள வேண்டும். பாவாஆதம் மலைத் தொடரின் மேற்குச் சரிவில், சீதாவக்கை கங்கைக் கரையில் இருக்கும் ஊர். வருடத்தில் பெரும்பகுதி மழை. மழை இல்லாத நாளில் மூடுபனி. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில்தான் இஷா தொழுதுவிட்டுப் பள்ளிப் படியிறங்கும்போது தலையை நிமிர்த்தினால் ஏதாவது தெரியும்.

அப்படியொரு பெப்ரவரி இரவில், சாதாரணதரம் படிக்கும் ஒரு பையன் எனக்காகப் படியடியில் காத்து நின்றான். விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் "சேர்"தான். கைபேசியை நீட்டி, "இத வாசிச்சுப் பாருங்க சேர்" என்றான். நீங்களும் அந்தச் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருப்பது அது. அந்நஜ்ம் சூராவின் 49ஆவது ஆயத்தில் ஷிஃரா என்ற நட்சத்திரம் பேசப்படுகிறது, அதே சூராவின் 9ஆவது ஆயத்தில் இரண்டு வில் வருகிறது, ஷிஃரா உண்மையில் ஒன்றையொன்று வில்போலச் சுற்றிவரும் இரண்டு நட்சத்திரங்கள், அவை ஒரு சுற்று முடிக்க எடுக்கும் காலம் 49.9 வருடம், ஆகவே 49உம் 9உம் அற்புதம் என்று அது முடியும்.

பையன் இதை மீலாத் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறான். பிறகு வகுப்பில் ஒருவன், "இங்க பாரு, 50.13 எண்டு போட்டிருக்கு" என்று காட்டிவிட்டான். அன்றிலிருந்து இவனுக்கு நிம்மதியில்லை. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டான்: "சேர், அப்ப குர்ஆன்ல பிழையா?"

பதினாறு வயதுப் பிள்ளை இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கமுடியாமல் எத்தனை நாள் மனத்தில் வைத்திருந்தானோ. படியில் நின்றபடி ஒரு வார்த்தையில் முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. முதலில் நட்சத்திரத்தைக் காட்டினேன்.

அதைக் கண்டுபிடிப்பது லேசு. ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தெரியாதவர்கள் நம்மூரில் இல்லை. அரபிகளின் ஜவ்ஸா அங்கேதான் இருக்கிறாள். அந்த மூன்றையும் சேர்க்கும் கோட்டைத் தென்கிழக்குப் பக்கம் நீட்டிக்கொண்டு போனால் வெண்ணீலமாக, சில நேரம் சிவப்பும் பச்சையுமாக மின்னித் துடிக்கும் ஒன்றில் கண் முட்டும். நிறம் மாறுவது நட்சத்திரத்தின் வேலையல்ல. நம் தலைக்குமேல் காற்று அசைவதால் வருவது. அதுதான் ஷிஃரா, ஆங்கிலத்தில் சிரியஸ், வடமொழி மரபில் மிருகவியாதன் என்ற வேடன். சூரியனை விட்டுவிட்டால் வானத்தில் இதைவிடப் பிரகாசமாகத் தெரியும் நட்சத்திரம் வேறில்லை. தூரம் 8.6 ஒளியாண்டு. நாங்கள் அன்று பார்த்த வெளிச்சம், அந்தப் பையன் ஏழு வயதில் முதலெழுத்துக்களைக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது.

அரபிகளுக்கு ஷிஃரா ஒன்றல்ல, இரண்டு. ஹிஜ்ரி 353ஐ ஒட்டி, அதாவது 964 அளவில், நிலையான நட்சத்திரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி இந்தப் பழைய பாலைவனக் கதையைப் பதிந்து வைத்திருக்கிறார். சுஹைல் தன் மனைவி ஜவ்ஸாவுக்குத் தீங்கு செய்துவிட்டுத் தெற்கே ஓடிப்போகிறான். அவனுக்கு இரண்டு சகோதரிகள். ஒருத்தி பால்வீதியைக் கடந்து தம்பி பின்னால் போனாள். அவள் அபூர், கடந்தவள். இவள்தான் நமது ஷிஃரா. மற்றவள் கடக்க முடியாமல் வடக்குக் கரையிலேயே நின்று, கண் மங்கும்வரை அழுதாள். அவள் குமைஸா. இன்று புரோசியன் என்று படிக்கிறோம். பால்வீதி தெளிந்த இரவில் பாருங்கள், இரண்டு பேரும் இரண்டு கரையில் நிற்பார்கள்.

ஆனால் அரபிகள் அந்த நட்சத்திரத்தைக் கதையோடு விட்டுவிடவில்லை. குஸாஆ கோத்திரத்தார் அதை வணங்கினார்கள் என்றும், அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவன் அபூ கப்ஷா என்றும் தஃப்ஸீர்கள் சொல்கின்றன. குறைஷிகள் நபியவர்களை (ஸல்) இப்னு அபீ கப்ஷா என்று குத்திப் பேசியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்: ஊர் வணங்கியதை விட்டு அவன் விலகியதுபோல இவரும் விலகுகிறார் என்ற ஏளனம். இதைத் தெரிந்துகொண்டு அந்நஜ்மின் அந்தப் பகுதியை ஓதிப் பாருங்கள். சிரிக்கவைப்பதும் அழவைப்பதும், உயிரும் மௌத்தும், ஆணும் பெண்ணும், செல்வமும் என்று வரிசையாக எண்ணிக்கொண்டு வந்து, நீங்கள் கும்பிடும் அந்த ஷிஃராவுக்கும் றப்பு அவன்தான் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. மக்காவில் நின்று இதைக் கேட்டவனுக்கு அது நேராக நெஞ்சில் பட்டிருக்கும். அதன் பொருள் புரிய அவனுக்குத் தொலைகாட்டி தேவைப்படவில்லை.

சரி, ஷிஃராவுக்குத் துணை உண்டா? உண்டு. அது தெரியவந்த விதம் அந்தக் கைபேசிச் செய்தியைவிடச் சுவையானது.

இருட்டில் தோட்டத்து ரோட்டில் ஒருவர் டோர்ச்சோடு வருகிறார் என்று வையுங்கள். ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். வெளிச்சம் நேராக வராமல், ஒரு ஒழுங்கோடு வலமும் இடமுமாக வளைந்து வளைந்து வந்தால் என்ன நினைப்போம்? மறுகையில் கன்றுக்குட்டி ஏதும் இழுக்கிறது என்று நினைப்போம். ஜெர்மானிய வானியலாளர் பெஸல் 1844இல் செய்தது இதைத்தான். நட்சத்திரங்கள் நிலையானவை என்கிறோமே தவிர, வருடக்கணக்காக அளந்தால் ஒவ்வொன்றும் துளித்துளியாக நகர்வது தெரியும். ஷிஃரா நேர்கோட்டில் நகரவில்லை, நெளிந்து போகிறது என்று கண்ட பெஸல், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்றார். குமைஸாவைப் பற்றியும் அதையே சொன்னார். இரண்டையும் யாரும் பார்க்குமுன்பே, 1846இல் இறந்துபோனார். 1851இல் பீட்டர்ஸ் என்பவர் அந்த நெளிவை வைத்து, சுற்றுக்காலம் ஏறத்தாழ 50 வருடம் என்று கணக்கிட்டார்.

1862 ஜனவரி 31. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் அல்வன் கிரஹம் கிளார்க் என்ற வில்லை செய்பவர், தகப்பனோடு சேர்ந்து கடைந்த பதினெட்டரை அங்குலப் புது வில்லையைச் சோதிக்க அதை ஷிஃரா பக்கம் திருப்பினார். பக்கத்தில் ஒரு மங்கல் புள்ளி. முதலில் அது வில்லையின் குறையோ என்றுதான் பார்த்திருப்பார். குறையல்ல, பெஸல் சொன்ன கன்றுக்குட்டி! ஷிஃராவைவிடப் பத்தாயிரம் மடங்கு மங்கல் என்பதால் வெறுங்கண்ணுக்கோ சாதாரண பைனாகுலருக்கோ அது அகப்படாது. கிளார்க் கண்ட அந்த நாளிலிருந்து இதுவரை அது மூன்று சுற்று முடித்து, நான்காவதில் போய்க்கொண்டிருக்கிறது.

கண்ணுக்கு ஒன்றாக நிற்பது தொலைகாட்டியில் இரண்டாகப் பிரிவது அதற்கு முன்பும் நடந்ததுதான். தமிழ் மண்ணிலேயே நடந்திருக்கிறது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வால்வெள்ளி ஒன்றைத் தொலைகாட்டியில் தேடும்போது, தெற்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் ஆல்பா சென்டோரி இரண்டாக இருப்பதைக் கண்டார். நம் சூரியனுக்கு மிக அண்மையில் இருக்கும் நட்சத்திரத் தொகுதி அது. அதன் பெயரான ரிஜில் கென்டாரஸ், மனிதக்குதிரையின் கால் என்று பொருள்படும் அரபுப் பெயரிலிருந்து வந்தது. பெயர் வைத்த அரபி அறிஞர்களுக்கு அது இரண்டு என்று தெரியாது, தெரிந்திருக்க வழியுமில்லை. இதைச் சொல்ல நமக்கு வெட்கம் ஒன்றும் வேண்டாம். தெரியாததைத் தெரியும் என்று அஸ்ஸூஃபி எழுதவில்லை. கண்ணால் பார்த்த பிரகாசத்தை, முன்னோர் எழுதியதோடு ஒப்பிட்டு, மாறுபட்ட இடங்களில் மாறுபடுகிறது என்றே எழுதினார். அவருடைய பெருமை அதுதான்.

ஷிஃராவின் துணைக்கு வருகிறேன். 1915இல் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்த அடம்ஸ், அது மங்கலாக இருந்தாலும் மிகச் சூடானது என்று கண்டார். சூடாகவும் மங்கலாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டுமானால் அது மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பருமன் நமது பூமியைவிடக் கொஞ்சம் குறைவு. திணிவோ கிட்டத்தட்ட முழுச் சூரியன் அளவு. அதில் ஒரு சீனிக்கட்டி அளவை இங்கே கொண்டுவந்தால் இரண்டு டொன்னுக்கு மேல் நிறை இருக்கும், கொழுந்து ஏற்றும் சின்ன லொறியே திணறும். இப்படியானவற்றை வெண்குள்ளன் என்பார்கள். எரிபொருள் தீர்ந்துபோன நட்சத்திரத்தின் எச்சம். ஒரு காலத்தில் இந்தத் துணைதான் இரண்டிலும் பெரியது, சூரியனைப்போல ஐந்து மடங்கு இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். பெரியது சீக்கிரம் எரிந்து முடிந்தது.

இந்த வெண்குள்ளன்களுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு, சூரியனின் திணிவைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் போனால் அவை தாங்காது என்று கண்டவர் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்கு அது. அப்போது வயது 19. 1935இல் லண்டனில், உலகப் புகழ் பெற்ற எடிங்டன் அவரைச் சபை நடுவே கேலி செய்தார். சபையும் பெரியவர் பக்கம்தான் நின்றது. சந்திரசேகர் தன் எண்ணை மாற்றவில்லை, ஏனென்றால் கணக்கு மாறவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது.

இனி அந்த 49.9.

முந்திய சில கணிப்புகளில் அப்படியொரு எண் இருந்தது உண்மை. ஆனால் ஹபிள் தொலைகாட்டி ஏறத்தாழ இருபது வருடம் எடுத்த படங்களையும் 1862 முதலான பழைய அளவுகளையும் சேர்த்து 2017இல் வெளியான கணிப்பு 50.13 வருடம் என்கிறது. இதில் பிழைக்கு இடம் ஒரு வருடத்தின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதுவும் சூரிய வருடத்தில். நாம் நோன்பும் ஹஜ்ஜும் கணக்குப் பார்க்கும் ஹிஜ்ரி வருடத்தில் பெருக்கினால் ஐம்பத்தொன்றரையையும் தாண்டிவிடும். எந்த வருடத்தை எடுப்பது என்று அந்தச் செய்தியை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இது விஞ்ஞானப் பக்கம். எனக்கு அதைவிட வலித்தது மற்றப் பக்கம். 9ஆவது ஆயத்தில் வரும் இரண்டு வில்லின் தூரம், வஹீ இறங்கிய அந்த நெருக்கத்தைச் சொல்வது. பெரும்பாலான முஃபஸ்ஸிர்கள் ஜிப்ரீல் (அலை) நபியவர்களுக்கு (ஸல்) அருகில் வந்த காட்சி என்று விளக்கும் இடம். அதைப் பிடுங்கி எடுத்து நட்சத்திரத்தின் சுற்றுப்பாதையில் ஒட்டுவதற்கு யார் அனுமதி கொடுத்தது?

ஆயத்தின் இலக்கமோ எல்லா முஸ்ஹஃபிலும் ஒன்றல்ல. நாம் ஓதுவது கூஃபா எண்ணிக்கை, அதில் அந்நஜ்முக்கு 62 ஆயத்கள். மதீனா எண்ணிக்கையில் 61. மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் ஓதும் வர்ஷ் முஸ்ஹஃபை விரித்துப் பாருங்கள், ஷிஃரா 48இல் இருக்கும். வசனம் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை, எங்கே நிறுத்தி எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாடு எந்த இடத்தில் வருகிறது என்று தேடியபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நமது 28ஆவது ஆயத்தின் முடிவில் வருகிறது. வெறும் ஊகம் சத்தியத்தின் முன் எதற்கும் பயன்படாது என்று சொல்லும் ஆயத் அது.

பையனுக்கு இதையெல்லாம் ஒரே இரவில் சொல்லவில்லை. மூன்று நான்கு இரவுகள், இடையில் மழைக்கு ஒதுங்கி, பள்ளித் தாழ்வாரத்தில் நின்று சொன்னேன். "குர்ஆன் 49.9 எண்டு எங்கயாவது சொல்லியிருக்கா மகன்?" என்று கேட்டேன். "இல்ல சேர்." "அப்ப பிழைத்தது எது?" கொஞ்சம் யோசித்து, "மெசேஜ்" என்றான். ஆனால் முகம் தெளியவில்லை. பரிசு வாங்கிய பேச்சு அது, வாப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட பேச்சு. கைதட்டிய பெரியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், எண் பிழை என்பதும் எனக்குத் தெரியும், பிள்ளையின் மனம் நோகுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவனிடம் அதையும் சொன்னேன்.

கடைசியாக வானம் திறந்த இரவில் பைனாகுலரைக் கொடுத்து, குமைஸாவைக் காட்டினேன். தலைக்கு மேலே, பால்வீதிக்கு வடக்கே நின்றாள். அவளுக்கும் பெஸல் சொன்னபடியே ஒரு துணை இருக்கிறது, 1896இல்தான் கண்டார்கள், அதுவும் வெண்குள்ளன் என்றேன். கரைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சகோதரிகள், இரண்டு பேர் பக்கத்திலும் அணைந்துபோன ஒரு துணை. அவன் நீண்ட நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது எத்தின வருஷத்துக்கு ஒருக்கா சுத்தும் சேர்?"

"நாற்பது புள்ளி எட்டு."

"அது எத்தினாவது ஆயத்து?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.