பழைய ஜீப்புகளில் கியர் ஆயில் கசிவு

கியர் ஆயில் கசிவு என்பது வாகனத்தின் கியர்பாக்ஸிலும் அதனுடன் இணைந்த டிரான்ஸ்ஃபர் கேஸிலும் உள்ள எண்ணெய், சீல்கள், பேக்கிங்குகள், ஷாஃப்ட் துளைகள் ஆகியவற்றின் வழியே வெளியேறுவதைக் குறிக்கும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட பழைய மகிந்திரா ஜீப்புகளில் இது பரவலாகக் காணப்படும் குறைபாடு. இவ்விரு பெட்டிகளிலும் தனித்தனியே இரண்டு லிட்டருக்கும் குறைவான எண்ணெயே இருப்பதால், தரையில் சிறிய கறையாகத் தெரியும் கசிவும் சில மாதங்களில் பேரிங்குகளை உலரவைத்துவிடக்கூடும்.

பின்னணி

மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தி விற்கத் தொடங்கியது. பின்னர் உரிமம் பெற்று சிஜே-3பி வடிவத்தை உள்நாட்டிலேயே தயாரித்தது. 1980களில் எம்எம்540 போன்ற டீசல் வண்டிகள் வந்தன. இவற்றின் டிரான்ஸ்ஃபர் கேஸ், 1941-இன் போர்க்கால ஜீப்பில் இருந்த ஸ்பைசர் 18 என்ற பெட்டியின் வழிவந்தது. சங்கிலி எதுவும் இல்லாமல் முழுக்க பற்சக்கரங்களால் இயங்கும் உறுதியான அமைப்பு இது. ஆனால் எண்ணெய் வெளியேறக்கூடிய இடங்கள் இதில் அதிகம்.

சேலத்தின் பழைய சந்தைப் பகுதியான செவ்வாய்ப்பேட்டையின் சமதளத் தெருக்களில் மட்டும் ஓடும் ஜீப்பில் இக்குறை பெரிதாகத் தெரியாமல் போகலாம். அதே வண்டி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது நிலைமை வேறு. முகப்பு மேல்நோக்கி நிற்கையில் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் பின்பக்கம் சேர்ந்து பின் சீலை மூழ்கடிக்கும். இறங்கும்போது முன்பக்கம் சேரும். ஆகவே மலையில் ஓடும் வண்டியில் ஏற்றத்தில் ஒரு சீலும் இறக்கத்தில் மற்றொரு சீலும் மாறி மாறிச் சோதிக்கப்படுகின்றன.

கைபிரேக்கும் கசிவும்

சிஜே-3பி உள்ளிட்ட பழைய வடிவங்களில் கைபிரேக்கின் டிரம் பின் சக்கரங்களில் இல்லை. அது டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ளது. அங்குள்ள ஆயில் சீல் கெட்டால் எண்ணெய் நேராக டிரம்முக்குள் போய் பிரேக் லைனிங்கை நனைக்கும். கால் பிரேக் நன்றாகவே பிடிப்பதால் ஓட்டுநருக்கு இது தெரிவதில்லை. சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போதுதான் தெரியவரும். தரைக்கறைக்காக இல்லாவிட்டாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே பின் சீல் கசிவைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த எண்ணெய் என்று அறிதல்

முதலில் தரையில் விழுவது கியர் ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினின் எண்ணெய் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். கியர் ஆயில் தேன் நிறத்திலோ பழுப்பாகவோ, கெட்டியாக, கந்தக நெடியுடன் இருக்கும். மெலிதாக, பெயிண்டை உரிக்கும் தன்மையுடன் இருந்தால் அது பிரேக் ஆயில். அப்படியானால் வண்டியை ஓட்டக் கூடாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் சொட்டும்போது இந்த வேறுபாடு மிகவும் பயன்படும். கறுப்பாக வந்தால் எஞ்சினின் பின் சீலையும், பழுப்பாக வந்தால் கியர்பாக்ஸின் முன் பகுதியையும் பார்க்க வேண்டும். இரண்டுமே கிளட்ச் தட்டை நனைத்து நழுவச் செய்யக்கூடியவை.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

சொட்டு விழும் இடம் கசியும் இடமல்ல. ஓடும் வண்டியில் எண்ணெய் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, பெட்டியின் தாழ்ந்த முனைக்கு வழிந்த பிறகே கீழே விழுகிறது. எனவே ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னால் உள்ள புள்ளியையே தேட வேண்டும். பல ஆண்டு மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய பெட்டியில் இதைப் பார்க்க முடியாது. மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு கழுவி, உலர்த்தி, முகப்பவுடரோ சுண்ணப்பொடியோ தூவி, 15 அல்லது 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் புதிய ஈரம் கோடாகத் தெரியும். பிறகு இரவு முழுவதும் அடியில் அட்டை விரித்து நிறுத்தினால், நிற்கும்போது கசிவதையும் ஓடும்போது மட்டும் கசிவதையும் பிரித்தறியலாம்.

கழுவும்போதே பிரீதரையும் பார்த்துவிட வேண்டும். அது சேற்றால் அடைபட்டால் சூடான காற்று வெளியேற வழியின்றி நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். பைசா செலவில்லாமல் தீரும் கசிவு இது. ஆனால் பெரும்பாலும் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

இரு பெட்டிகளின் எண்ணெய் மட்டத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கியர்பாக்ஸில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் ஃபில்லர் துளைக்கு மேல் இருந்தால், எண்ணெய் இடைத்தடுப்பைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே இடம் மாறுகிறது என்று பொருள். அந்நிலையில் வெளியே தெரியும் கசிவு, மிகையாக நிரம்பியதன் விளைவு மட்டுமே.

டிரான்ஸ்ஃபர் கேஸில் தவறாகக் கணிக்கப்படும் இடங்கள் சில உண்டு. முன்புறம் கியர் மாற்றும் கம்பிகள் நுழையும் சிறு சீல்கள் கசிந்தால், எண்ணெய் கீழே வழிந்து முன் ஷாஃப்ட் சீலே கெட்டதுபோல் தோன்றும். பின்புறத்தில் இடைநிலை ஷாஃப்ட் முனையிலிருந்து வழிவது, அடித்தட்டு பேக்கிங்கின் கசிவுபோல் தெரியும்.

பின் சீலை மாற்றுதல்

வேலை தொடங்கும் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். இந்த வண்டிகளில் பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியதும் கைபிரேக், கியர் இரண்டுக்கும் பின் சக்கரங்களுடன் தொடர்பு அறுந்துவிடும். கியரில்தான் இருக்கிறது என்று நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தாலும் இதே நிலைதான்.

ஷாஃப்டைக் கழற்றி, நடு நட்டை எடுத்து, டிரம்முடன் யோக்கை இழுத்த பின், புதிய சீலை எடுப்பதற்கு முன்பே யோக்கின் பளபளப்பான கழுத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கசியும். மெல்லிய எஃகு உறை போடலாம், அல்லது லேத் பட்டறையில் கழுத்தைச் சரிசெய்யலாம். வேறு யோக் கிடைத்தால் அதுவே நல்லது.

அடுத்தது ஷாஃப்டின் ஆட்டம். பின் வெளியீட்டு ஷாஃப்டின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேரிங் மூடிக்கு அடியிலுள்ள ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்வர். தேய்ந்த பேரிங்கின் மேல் போட்ட புதிய சீல் சில வாரங்களே தாங்கும். ஸ்பிளைன் பற்களின் இடைவெளி வழியாகவும் எண்ணெய் வந்து நட்டைச் சுற்றி வெளியேறும் என்பதால், வாஷருக்கு அடியில் சிறிது சீலண்ட் பூசிவிட்டு நட்டை முறுக்குவது வழக்கம்.

எண்ணெயில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவினால் மேற்பரப்பு மட்டுமே சுத்தமாகும். சூடேறியதும் உள்ளிருந்து மீண்டும் எண்ணெய் கசியும். அதை மாற்றிவிட வேண்டும்.

எண்ணெய்த் தேர்வு

இப்பெட்டிகளுக்கு எஸ்ஏஇ 90 தரமுள்ள ஜிஎல்-4 எண்ணெய் பொருத்தமானது. ஆக்சிலுக்கான ஜிஎல்-5 எண்ணெயில் கந்தக-பாஸ்பரசு சேர்மங்கள் அதிகம். அவை கியர்பாக்ஸின் பித்தளை சின்க்ரோ வளையங்களை நாளடைவில் அரிக்கக்கூடும். கசிவைக் குறைக்க 140 தர எண்ணெய் ஊற்றினால் சொட்டுவது மெதுவாகும், கியர் மாற்றுவதும் கடினமாகும். சிலர் கிரீஸையே அடைத்துவிடுகிறார்கள். இது மோசமான பழக்கம். பற்கள் கிரீஸை ஒருமுறை ஒதுக்கித் தள்ளிவிட்டால் அது திரும்பி வழிந்து வராது, மேலுள்ள பேரிங்குகள் வறண்டுபோகும்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. சேலம் நகரக் கழிவுநீர் திருமணிமுத்தாற்றில் கலக்கிறது. மூடிய கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுக்கலாம். புதிய எண்ணெய் ஊற்றி 200 கிலோமீட்டர் ஓடிய பின் இரு பெட்டிகளின் மட்டத்தையும் மறுபடி பார்த்து, மூடி போல்ட்டுகளை ஒருமுறை இறுக்க வேண்டும்.