போதைப்பொருள் வழக்குகளில் நிறையும் நீதியும்

இன்ன குற்றத்திற்கு இன்ன தண்டனை என்பதைக் குடிமக்கள் முன்னரே அறிதல் சட்டத்தின் நிச்சயத்தன்மை எனப்படும். அவனவன் செய்த தீங்கிற்கேற்பத் தண்டனை அமைதல் நியாயம் எனப்படும். இவ்விரண்டும் கடுமையாக மோதும் இடம் போதைப்பொருள் வழக்கே எனலாம்.

இலங்கையில் இத்துறைக்கு அடிப்படையாயிருப்பது 1929 ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டமாகும். 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தம், 2 கிராமும் அதற்கு மேற்பட்டதுமான ஹெரோயினை விற்றோனுக்கும் வைத்திருந்தோனுக்கும் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை என விதித்தது. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தம் 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமைனுக்கு 5 கிராமை எல்லையாக்கியது. குற்றம் நிறுவப்பட்டால், இரு தண்டனைகளுள் ஒன்றைத் தெரிவதே நீதிபதிக்கு எஞ்சுவது.

சிலாபத்துக் கடற்கரையில் இரவெல்லாம் வலையிழுத்து, அயர்வு தீரவெனப் பழகி, பின் விடமுடியாது அடிமையான மீனவனொருவனைக் கருதுவோம். சில நாட்களுக்கென அவன் வாங்கிவைத்தது 2 கிராமைச் சற்றே தாண்டின், அவன் மேற்கூறிய தண்டனைக்குரியவன். 1.9 கிராமை ஊர்ப் பிள்ளைகளுக்கு விற்றவனோ அதற்குக் குறைந்த தண்டனையுடன் தப்புவான். அன்றியும், சட்டத்தின் வரைவிலக்கணப்படி வியாபாரம் என்பது கொடுத்தல், கொண்டுசெல்லல் ஆகியவற்றையும் அடக்கும். ஆதலின் தோழனுக்குப் பங்கிட்ட பாவனையாளனும் வியாபாரியே!

இவ்விதியின் நிச்சயத்தன்மைதானும் ஐயத்திற்குரியது. 1976 இற்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 இல் நால்வரைத் தூக்கிலிடும் ஆணைகளில் ஜனாதிபதி கையொப்பமிட்டபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஏட்டிலுள்ள தண்டனை வேறு, நிகழ்வது வேறு.

உயர் நீதிமன்றம் 2008 இல், பாலியற் குற்றமொன்றுக்குரிய கட்டாய ஆகக்குறைந்த சிறைத்தண்டனை நீதிபதியின் தற்றுணிபைத் தடுக்காதெனக் கூறியதும் நினைவுகூரத்தக்கது. போதைப்பொருளுக்கு அடிமையானோரைச் சிகிச்சைக்கு அனுப்ப 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டமும் வழிவகுத்துள்ளது. ஆயினும் தற்றுணிபை மட்டும் நம்பின், நீதிபதிக்கு நீதிபதி தண்டனை வேறுபடும். வள்ளுவர் செங்கோன்மையையும் வெருவந்தசெய்யாமையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இங்கிலாந்தில் 2012 முதல் நடைமுறைக்கு வந்த தண்டனை வழிகாட்டி, பொருளின் அளவோடு குற்றவாளி வகித்த பங்கையும் தலைமையானது, கணிசமானது, சிறியது எனப் பகுத்துக் காண்கின்றது. சொந்தப் பாவனைக்கென வைத்திருத்தல் அங்கே வேறாகவே மதிக்கப்படுகின்றது. நீதிபதி வழிகாட்டியினின்று விலகலாம். விலகின் காரணங்கூற வேண்டும். அத்தகைய முறை இங்கிருப்பின், பொருள் யாருக்கென வாங்கப்பட்டது, பணம் கைமாறியதா, மருத்துவர் என்ன சொல்கிறார் என்னும் வினாக்களுக்கு விடைகண்டு, அம்மீனவனுக்கு நேரக்கூடிய தண்டனையை அவனுடைய சட்டத்தரணி முன்னரே ஏறக்குறையக் கூறிவிடலாம்.