வலிப்பு மாத்திரையும் தடிக்கும் ஈறும்

வலிப்பு நோய்க்கு 'பெனிடாயின்' மாத்திரை சாப்பிடுவோரில் பலருக்குச் சில மாதங்களில் ஈறு தடித்து வளரும். பல்லையே மறைத்துவிடுவதும் உண்டு. தேய்த்தால் ரத்தம் கசியும். வாய் நாற்றத்துக்கு அஞ்சி, ஆபீசில் பேசவே கூசுவோர் உண்டு. 1938 முதல் வழக்கிலுள்ள இம்மருந்தின் பக்க விளைவு இது. அசுத்தத்தால் மட்டும் வருவதல்ல.

இதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருந்தை மாற்றலாமா என்பதை நரம்பு டாக்டரே முடிவு செய்ய வேண்டும். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, படிந்த காரையைப் பல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டால் வீக்கம் குறையும். மிஞ்சிய ஈறை வெட்டி எடுக்கவும் வழி உண்டு.

பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகிறவர்கள் வலிப்பை மறைக்காமல், மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது.