வெலிங்டன் தீவு: நிலமும் மக்களும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் எழுத நம்மிடையே தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தது நான் பிறந்த தீவு ஒன்றுதான், அதை எழுதட்டுமா?" என்றேன். "தாராளமா எழுதுங்க சார், ஆனா கணக்கு வழக்கோட எழுதுங்க" என்றார். அவர் சொன்ன வேளை, கட்டுரை கடைசியில் கணக்கைப் பற்றியதாகவே ஆகிவிட்டது.

வெலிங்டன் தீவில் பிறந்தவன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. கோவில்பட்டிப் பக்கம் கல்யாண வீடுகளில் பெரியப்பா மக்கள், "அது ஹார்பர்தானே, அங்க எப்படிடா பொறந்தே?" என்று கேலி செய்வார்கள். கேலியிலும் நியாயம் உண்டு. நான் பிறந்தது 1952-ல். அந்த மண்ணுக்கே அப்போது வயது கால் நூற்றாண்டுதான்.

நிலத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்ப் பக்கத்து முகத்துவாரத்தைத் தூர்த்துவிட்டு, கொச்சியில் புதிய வாய் ஒன்றைத் திறந்தது என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. நம் சங்கப் பாடல்கள் புகழும் முசிறி மங்கியதற்கும் கொச்சி எழுந்ததற்கும் அந்த வெள்ளத்தையே காரணம் காட்டுவார்கள். வாய் திறந்ததே தவிர, அதன் முன்னே கடலுக்குள் கெட்டியான மணல் திட்டு ஒன்று குறுக்கே படுத்திருந்தது. பெரிய கப்பல்கள் அதைத் தாண்ட முடியாது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டு, வள்ளங்களில் சரக்கை இறக்குவார்கள். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் அதுவும் கஷ்டம்.

இந்தத் திட்டை வெட்டத்தான் 1920 ஏப்ரலில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வந்தார். அவரை அனுப்பியது சென்னை அரசாங்கம் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோர்ட் கொச்சி அன்று பிரிட்டிஷ் மலபாரைச் சேர்ந்தது. மலபார் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவுடையது. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் வெலிங்டன் பிரபு. பின்னால் அவரே 1931-லிருந்து 1936 வரை வைஸ்ராயாகவும் இருந்தார். தீவுக்கு அவர் பெயர். 1926-ல் வந்த தூர்வாரும் கப்பலுக்கும் அவர் பெயர்தான். ஒரு மனிதரின் பெயர் கொண்ட கப்பல் சேறு தோண்ட, அந்தச் சேற்றில் எழுந்த நிலமும் அதே மனிதரின் பெயரைச் சுமக்கிறது!

கடலில் 450 அடி அகலத்தில் மூன்றரை மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். 1928 மே 26 அன்று பம்பாயிலிருந்து வந்த 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது? காயலின் நடுவில் வெண்டுருத்தி என்ற இயற்கைத் தீவு இருந்தது. அதை ஒட்டியே கொட்டி, கரை கட்டி, ஏறத்தாழ 780 ஏக்கர் நிலத்தை எடுத்துவிட்டார்கள். மேற்கே மட்டாஞ்சேரிக் கால்வாய், கிழக்கே எறணாகுளம் கால்வாய், இரண்டிலும் கப்பல் கட்டும் வார்ஃப். வடக்கு முனை துறைமுக வாயைப் பார்த்தபடி இருக்கும். ஒரு பக்கம் வெண்டுருத்திப் பாலம் எறணாகுளத்தோடு இணைத்தது. இன்னொரு பக்கம் தோப்பும்படிக்குப் போகும் பாலம், படகுக்கு வழிவிட நடுவில் தூக்கும் அமைப்போடு கட்டப்பட்டது.

நாம் இங்கே வந்து சேர்ந்ததற்கும் பூகோளம்தான் காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் முப்பது கிலோமீட்டர் அளவுக்கு விலகி வழி விடுகிறது. அந்த வழியாக ரயிலும் ரோடும் வந்ததால், கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரங்களுக்கு இதுவே பக்கத்துத் துறைமுகமாயிற்று. நீலகிரித் தேயிலையும் வால்பாறைத் தேயிலையும் கீழிறங்கி இங்கேதான் வந்தன. 1947 முதல் கொச்சியில் தேயிலை ஏலம் நடக்கிறது. இந்தப் பக்கம் மூணாறு, தேனி, மதுரை என்று போகும் சாலை பழைய கணக்கில் தனுஷ்கோடி வரைக்கும் ஒரே நெடுஞ்சாலை, எண் 49. இப்போது எண் 85, தொண்டியில் முடிகிறது.

அப்பா 1948-ல் ஹார்பர் டெர்மினஸ் பார்சல் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தார். தீவுக்குள் ரயில் வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பெங்களூருக்கும் தீவுக்கும் ஓடியதால்தான் அந்த வண்டிக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்று பெயர். இன்று அது கன்னியாகுமரியிலிருந்து ஓடுகிறது, தீவின் பக்கமே வருவதில்லை, பெயரை மட்டும் விடவில்லை. எங்கள் லைனில் பத்து வீடு. ஒரு வீட்டில் தெலுங்கு, ஒரு வீட்டில் கொங்கணி, இரண்டு வீட்டில் தமிழ், மற்றவை மலையாளம். மழைக்காலத்தில் எல்லார் வீட்டுச் சுவரும் ஒரே மாதிரி ஊறும்.

இனி மக்கள். வெண்டுருத்திப் பகுதியை விட்டால், தீவில் பூர்வகுடி என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. நிலம் துறைமுகத்துடையது, கடற்படையுடையது, ரயில்வேயுடையது. பட்டா போட்டு வீடு கட்டிய குடும்பத்தை நான் அங்கே கண்டதில்லை. சுங்கத்துறை, மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், கிடங்குகள், கம்பெனி ஆபீஸ்கள் என்று எத்தனையோ இருந்தும், குடியிருந்தவர்கள் பெரும்பாலும் குவார்ட்டர்ஸ்காரர்கள். வேலை இருக்கும் வரை வீடு. ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். மற்ற ஊர்களில் ஜனத்தொகை பிறப்பாலும் இறப்பாலும் மாறும்; எங்கள் தீவில் அது ஆர்டர் காப்பியால் மாறியது. 1980-ல் அப்பா ஓய்வுபெற்றபோது நாங்களும் பள்ளுருத்திக்கு வாடகை வீடு பார்த்துப் போனோம். அம்மா கிணற்றடி முருங்கையிலிருந்து ஒரு போத்து வெட்டி எடுத்து வந்தாள். அது பிடிக்கவில்லை.

பிறகு வேலைகளே ஒவ்வொன்றாக இடம் மாறின. தீவில் இருந்த கடற்படை ஓடுதளத்தில்தான் பயணிகள் விமானமும் இறங்கிக்கொண்டிருந்தது. 1999-ல் நெடும்பாசேரி நிலையம் திறந்ததும் அது அங்கே போயிற்று. 2004-ல் ஹார்பர் டெர்மினஸுக்குப் பயணிகள் ரயில் நின்றது. 2018-ல் கொஞ்ச காலம் ஒரு சின்ன வண்டி ஓட்டிப் பார்த்தார்கள், ஆள் ஏறவில்லை. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறந்தபின் கன்டெய்னர்களும் அக்கரைக்குப் போயின. உல்லாசக் கப்பல்கள் வருகின்றன. 2025-ல் வாட்டர் மெட்ரோ ஜெட்டியும் திறந்தார்கள். வந்து போகிறவர்கள் பலர். தங்குகிறவர்கள் சிலர். நான் பிறந்த லைன் பக்கம் போன வருஷம் போனேன், கூரையில் ஆலஞ்செடி முளைத்திருந்தது.

தீவில் ஆள் எவ்வளவு குறைவு என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. 2020 டிசம்பர் மாநகராட்சித் தேர்தலில், மேயர் ஆவார் என்று பேசப்பட்ட வேட்பாளர் தீவு வடக்கு வார்டில் ஒரே ஓட்டில் தோற்றார். ஒரு குடும்பம் அன்றைக்கு ஊருக்குப் போகாமல் இருந்திருந்தால் கதை வேறு.

தீவு இப்படி மெலிய, கொச்சி மட்டும் பெருகிறதே என்று கேட்பீர்கள். இங்கேதான் புள்ளிவிவரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 1967 நவம்பர் 1 அன்று ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் நகராட்சிகளையும், வெலிங்டன் தீவையும், சுற்றியிருந்த சில பஞ்சாயத்துகளையும் சேர்த்துக் கொச்சி மாநகராட்சி உண்டாயிற்று. பரப்பு ஏறத்தாழ 95 சதுர கிலோமீட்டர். 2001-ல் அதன் ஜனத்தொகை சுமார் 5 லட்சத்து 96 ஆயிரம். 2011-ல் 6 லட்சத்து 2 ஆயிரம். பத்து வருஷத்தில் கூடியது ஆறாயிரம் பேர்தான், நூற்றுக்கு ஒருவர்! ஆனால் 'கொச்சி நகரத் தொகுதி' என்று இன்னொரு வரி இருக்கும். அது 13 லட்சத்து 56 ஆயிரத்திலிருந்து 21 லட்சத்து 20 ஆயிரமாகத் தாவியிருக்கிறது. பேப்பரில் வருவது இந்த வரிதான்.

ஏழரை லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை, இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஒரு கிராமத்தில் 5,000 பேராவது இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ்ந்து, உழைக்கும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை செய்தால், பஞ்சாயத்தாகவே இருந்தாலும் கணக்கெடுப்பில் அது நகரம். அப்படி நகரமாகிப் போன பஞ்சாயத்துகளைத் தொகுதியில் சேர்த்துக்கொண்டார்கள். 2001-ல் நூற்றுக்கு 26 ஆக இருந்த கேரளத்தின் நகர மக்கள் 2011-ல் கிட்டத்தட்ட 48 ஆனது பெரும்பாலும் இதே வகையில்தான். தென்னந்தோப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது, தலைப்பு மாறிவிட்டது. நிஜமாகவே ஆள் கூடிய இடங்களும் உண்டு, காக்கநாடு போல. நம் பிள்ளைகள் ஐ.டி. வேலைக்கு வந்து குடியேறுவதும் அங்கேதான்.

நம்மவர் கணக்குக்கு வருகிறேன். ஃபோர்ட் கொச்சி வெளியில் டோபி கானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள். வெண்டுருத்திப் பாலத்துக்கு அக்கரையில் வாத்துருத்திக் காலனி இருக்கிறது. திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்துக் கூலித் தொழிலாளர் நெருக்கி அடித்துக்கொண்டு வாழும் இடம் அது. அவர்களில் பலருக்கு ரேஷன் கார்டும் ஓட்டும் சொந்த ஊரில். "அங்க பேரு இருக்கே, இங்க எதுக்கு சார்?" என்று கேட்பார்கள். ஆனால் ஜனத்தொகைக் கணக்கு ஓட்டர் லிஸ்ட் மாதிரி இல்லை. கணக்கெடுக்கும் நாட்களில் பெரும்பகுதி எங்கே தங்கியிருக்கிறாரோ அங்கேதான் ஒருவரை எழுத வேண்டும்.

2001-ல் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 6 லட்சம். 2011-ல் 5 லட்சம். ஒரு லட்சம் குறைந்திருக்கிறது. ஊர் திரும்பியவர்கள் உண்டு, இடுக்கித் தோட்டங்களில் ஆள் குறைந்ததும் உண்டு. அது மட்டும்தானா? 2011 பிப்ரவரியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். நல்ல பெண்மணி, வெயிலில் நடந்து களைத்திருந்தார். என் மனைவி மோர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் மலையாளத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தாய்மொழிக் கட்டத்தில் நான்கு பேருக்கும் 'மலையாளம்' என்று எழுதியிருந்தது. "டீச்சரே, நாங்கள் தமிழர்" என்றேன். "அய்யோ சாரே, நிங்ஙள் இத்ர நன்னாயிட்டு மலையாளம் பறயுந்நு, ஞான் சோதிச்சில்ல" என்று அவர் பதறி அடித்துத் திருத்தினார். அவர் மேல் தப்பில்லை. நாங்களும் சொல்லவில்லையே. ஆனால் அதே தெருவில் இன்னும் ஐந்து தமிழ் வீடு உண்டு, அங்கே யாரும் கண்ணாடி போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு: 1969-ம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் சிறுபான்மை மொழி என்ற தனி இடம் உண்டு. ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ கேட்டால் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரவேண்டும் என்பது 1949-லிருந்து நாடு முழுவதற்கும் ஒப்புக்கொண்ட முறை. ஒரு வட்டாரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பேர் இருந்தால் முக்கிய அரசு அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்பதும் அப்படியே. எல்லாமே எண்ணிக்கை கேட்கிற விஷயங்கள்.

தாய்மொழி என்றால் என்ன என்பதற்குக் கணக்கெடுப்பில் தெளிவான விளக்கம் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் உங்கள் தாய் உங்களிடம் பேசிய மொழி. தாய் சிறு வயதிலேயே இறந்திருந்தால் வீட்டில் பேசிய மொழி. பள்ளியில் படித்ததும், நாக்குக்கு எளிதாக வருவதும், எழுதத் தெரிவதும் இதில் சேராது. வேறு அறிந்த மொழிகளைச் சொல்ல இரண்டு இடம் தனியாக உண்டு. ஆகவே தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளும், அம்மா தமிழில் தாலாட்டியிருந்தால், தமிழரே. நம்மில் பலர் "பையனுக்குத் தமிழ் வாசிக்க வராது, பின்னே எப்படித் தமிழ்னு எழுதறது?" என்று கூச்சப்பட்டு மாற்றிச் சொல்கிறார்கள். கூச்சம் வேண்டாம்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2027 மார்ச் 1-ஐ ஆதாரத் தேதியாக வைத்து அடுத்த கணக்கு என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை காகிதத்துக்குப் பதில் மொபைலில் பதிவார்களாம். எட்டிப் பார்ப்பது இன்னும் கஷ்டம்; வாய் திறந்து சொல்லிவிடுவதே நல்லது.

எங்கள் வீட்டில் சின்ன மகனுக்குத் திருப்பூணித்துறைப் பெண். தங்கமான மருமகள். பேத்திக்கு நான்கு வயது. என்னிடம் தமிழ், அவள் அம்மாவிடம் மலையாளம், டி.வி.யிடம் இங்கிலீஷ். விதிப்படி அவளுக்கு எழுத வேண்டியது மலையாளம்தான். வேறு அறிந்த மொழி என்ற கட்டத்தில் முதலாவதாகத் தமிழ் வரவேண்டும் என்று மருமகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "அதொக்கெ ஞான் நோக்கிக்கோளாம் அப்பா" என்று சொல்லியிருக்கிறாள்.